தேன்துளிக்குள் ஒரு முகவரி

ஒரு குப்பித் தேன் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதை நாவால் அறிவது கடினம். நுண்ணோக்கியால் பெருமளவு அறியலாம். 10 கிராம் தேனை நீரில் கரைத்து மையவிலக்கியில் சுழற்றினால் மகரந்தத் துகள்கள் அடியில் படியும். 400 மடங்கு பெரிதாக்கினால் அவற்றின் முகங்கள் தெரியும். சூரியகாந்தியின் மகரந்தம் முட்கள் சூழ்ந்த உருண்டை, தைலமரத்தினுடையது முக்கோணம், தென்னையினுடையது ஒற்றைப் பிளவு கொண்ட நீள்வட்டம். கருவேலம் தனித்து வராது. 16 அல்லது அதற்கும் மேற்பட்ட மகரந்தங்கள் ஒரே கொத்தாக ஒட்டியிருக்கும். ஒரு தாவரத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டினால் அதை ஒருமலர்த் தேன் எனக் கொள்வது பொது வழக்கம்.

எனினும், எண்ணிக்கையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் தளிர்விடும் பருவத்தில், தேனீக்கள் பூவை நாடுவதில்லை. இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்தே இனிப்பைத் திரட்டுகின்றன. ஆகவே அத்தேனில் ரப்பர் மகரந்தம் அரிது. இதை அறியாத ஆய்வாளர் கலப்படம் என்று ஒதுக்கினால் நட்டப்படுபவர் தேனீ வளர்ப்பவரே.

நுண்வடிகட்டலில் மகரந்தம் முழுதும் நீக்கப்பட்ட தேனின் கதை வேறு. அதில் விசாரிக்கச் சாட்சியே இல்லை; வாங்குபவருக்கு எஞ்சுவது குப்பியில் ஒட்டிய ‘காட்டுத் தேன்’ என்ற சீட்டு மட்டுமே.