ஓடிபியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை

திருவையாறு பக்கம் பார்வையற்ற விவசாயி ஒருவர் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமென்றால், மூட்டைக்கு முன்னால் சிட்டாவும் அடங்கலும் இணையத்தில் ஏறியாக வேண்டும். பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி முடித்திருக்க வேண்டும். அவரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. கணினிக்கு என்விடிஏ இலவசம். இரண்டும் தமிழில் வாசிக்கும். பிறகு எங்கே இடிக்கிறது?

பெரும்பாலும் தளத்தைச் செய்தவர்களிடம். பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டால் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டு போகும். எது 'சமர்ப்பி', எது 'அழி' என்று தெரியாது. கேப்ட்சாவின் கோணல் எழுத்துக்கு ஒலி வடிவம் இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை திரைவாசிப்பானுக்கு வெறும் படம். யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் வேடிக்கை: கண்ணுக்கு நல்ல தமிழ், காதுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது என்பது தனிக் கதை. காது கேளாதவருக்கு, வசன வரி இல்லாத வேளாண் வீடியோ ஊமைப்படம்.

கடைசியில் பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமோ சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு உதவி கேட்கலாம்; வங்கி ஓடிபியையும் பின் நம்பரையும் மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், தகவல் சொல்லும்வரை போனது நம் தலையில். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

சட்டம் நம் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 42, 46-ஆம் பிரிவுகள் மின்னணு ஊடகமும் சேவைகளும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கின்றன. சேவை தருவது அரசா தனியாரா என்ற பேதமில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணைய வசதி அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சிக்கு மாற்று வழி வேண்டும், காகித வழியும் தொடர வேண்டும் என்றது. வங்கியில் யாராவது "கண்ணைச் சிமிட்டினால்தான் ஆகும்" என்றால் இந்தத் தேதியைச் சொல்லலாம்.

மனுவில் "தளம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்தத் திரைவாசிப்பான், என்ன தேதி என்று எழுதுங்கள். குரலோடு திரையைப் பதிவு செய்து இணைத்தால் மறுக்க முடியாது. முதலில் அந்தத் துறைக்கோ நிறுவனத்துக்கோ கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அசைவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். மத்திய அரசுத் தளமென்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு. சிவில் கோர்ட்டைப் போல ஆளை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் இருவருக்கும் உண்டு.

தளத்தைத் திருத்தச் சொல்லும் அதே மனுவில், விண்ணப்பக் கெடு முடிவதற்குள் காகிதத்தில் பதிவு செய்து தரவும் கேளுங்கள். தளம் சரியாவதற்குள் சம்பா அறுவடையே முடிந்துவிடலாம்.