சம்பளம் டில்லியில், லீவு யார் கையில்?

மே மாதம். பல்கலைக்கழக வளாகம் வெறிச்சோடிக் கிடக்கிறது. பேராசிரியர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாடியிலே ஓர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது.

உள்ளே இருப்பவர் யார் என்கிறீர்களா? மானியப் பணத்தில் வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர்! "உங்களுக்கு லீவு கிடையாதா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலே ஒரு சங்கதி இருக்கிறது.

இரண்டு எஜமானர்கள்

அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி பல்கலைக்கழகத்தினுடையது. பணமோ டில்லி மானியம். ஆகவே, லீவு விதியும் பெரும்பாலும் பணம் கொடுப்பவர் வகுத்ததுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை பெறும் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு, பொது விடுமுறை நாட்கள் தவிர, ஆண்டுக்கு 30 நாள் வரை லீவு உண்டு. கோடை விடுமுறை, குளிர்கால விடுமுறை, பூஜை விடுமுறை எதிலும் அவருக்குப் பங்கு இல்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விதி வேறு. அதன் திட்டங்களில் இளநிலை, முதுநிலை ஆராய்ச்சியாளர்களுக்குத் தற்செயல் விடுப்பு மட்டுமே. ரிசர்ச் அசோசியேட்டுக்கோ அந்தந்த நிறுவனத்தின் லீவு விதி. ஒரே மேஜையில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவருக்கு இருவேறு கணக்கு! வேடிக்கைதான்.

ஆறுதலும் உண்டு. இத்துறையின் திட்டத்தில் இருப்பவர் விஞ்ஞான மாநாட்டுக்குப் போனால் அது லீவு அல்ல, பணி நாளே. பேறுகால விடுப்பு எல்லாப் பிரிவினருக்கும் உண்டு.

கேட்கத் தயங்கலாமா?

2023-இல் இளநிலை உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. எவ்வளவு பணம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனை நாள் லீவு என்று கேளுங்கள், விழிப்பார்கள்! வழிகாட்டும் பேராசிரியரின் முகம் கோணுமோ என்ற பயம் வேறு. தாயார் படுக்கையில் விழுந்த பிறகா விதியைத் தேடுவது?

வேலையில் சேரும் அன்றே நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எத்தனை நாள்? அனுமதி தருபவர் யார்? நாள் மிஞ்சினால் பணம் பிடிப்பார்களா? பேறுகால விடுப்பின் நடுவிலே திட்டம் முடிந்தால் என்ன கதி?

கடைசிக் கேள்விதான் முக்கியம். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. சேர்த்து வைத்துக் கடைசியில் எடுக்கலாம் என்ற எண்ணம் பலிக்காமல் போகலாம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். லீவு சலுகை அல்ல. உழைப்பின் கணக்கிலே ஒரு வரி. அந்த வரியை விட்டுவிடாதீர்கள்!