மண்ணுள் வாழும் பூச்சிக்கொல்லி

பூச்சிக்கொல்லி என்றதும் புட்டியில் அடைத்த நஞ்சே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், இயற்கை மண்ணுள்ளேயே ஒரு பூச்சிக்கொல்லியை வைத்திருக்கின்றது. அது ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளமுள்ள ஒருவகை வட்டப்புழு. விஞ்ஞானிகள் இவ்வினத்தை நெமற்றோடு என்பர்.

1929 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், புல்லின் வேரை அழித்துவந்த யப்பானிய வண்டின் குடம்பிகள் சில நோயுற்றிருக்கக் கண்டார் கிளேசர் என்னும் அறிஞர். அவற்றின் உடலில் இத்தகைய புழுக்கள் இருந்தன. ஸ்ரைனர் என்பார் அப்புழுவை ஆராய்ந்து, கண்டவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

இப்புழு தனித்துக் கொல்வதன்று. தன் குடலிலே பற்றீரியாக்களைச் சுமந்து செல்கின்றது. பூச்சியின் வாய், குதம், சுவாசத் துளை என்பவற்றின் வழியே உட்புகுந்து அவற்றை வெளிவிடுகின்றது. பெரும்பாலும் இரண்டு நாளுள் பூச்சி மடிகின்றது.

கண்ணுக்குப் புலப்படாத இதனை மண்ணிலே தேடுவது எவ்வாறு? தூண்டிலிட்டு மீன் பிடிப்பதுபோலத்தான். தேன்கூட்டின் மெழுகைத் தின்று கெடுக்கும் அந்துப்பூச்சியின் குடம்பியே இரை. 1975 இல் அவுஸ்திரேலியாவில் பெடிங், ஏக்கேர்ஸ்ற் என்னும் இருவர் இம்முறையை விளக்கினர். பல இடங்களில் எடுத்த ஈரமண்ணை ஒரு பாத்திரத்தில் இட்டு, சில குடம்பிகளை விட்டு மூடி, வெயில் படாது வைத்தல் வேண்டும். சில நாட்களிலே இறந்தவற்றை எடுத்துக் கழுவி, ஒரு சிறு தட்டிலே நனைந்த வடிதாள்மீது வைத்து, அத்தட்டைச் சிறிது நீருள்ள பெரிய தட்டினுள் அமைப்பர். பிணத்துள் பெருகிய இளம் புழுக்கள் பின்னர் நீரை நாடி வெளியே வரும்.

பிணத்தின் நிறமும் ஒரு சான்று. மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாயின் ஸ்ரைனர்நீமா என்னும் சாதியாகலாம். செங்கற் சிவப்பாயின் ஹெற்றரோறப்டிற்றிஸ் ஆகலாம். பின்னது கொன்ற பூச்சி இருளிலே மெல்லென ஒளிரும். இனத்தைத் திட்டமாக அறிய நுணுக்குக்காட்டியும், இன்று டி.என்.ஏ. பரிசோதனையும் துணைசெய்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொலை நடந்த இடத்தில் நிற்பவனெல்லாம் கொலைஞன் ஆகான். இறந்தபின் வந்து அழுகலைத் தின்னும் வட்டப்புழுக்களும் மண்ணில் உள. ஆதலின், கிடைத்த புழுக்களை நலமுள்ள குடம்பிகள்மீது மீண்டும் விட்டுப் பார்த்தல் வேண்டும். அவையும் அதே குறிகளுடன் இறந்து, அதே புழுக்களை ஈன்றாலன்றி முடிவு கூறலாகாது. இச்சோதனையை விடுத்துப் பிணந்தின்னியைப் பெருக்கி வயலில் இட்டால், பூச்சி வாழும், பயிர் மாளும். பகையை ஒழிக்கும் நண்பனைத் தேடுவோர்க்குப் பொறுமையும் ஐயமுமே முதற் கருவிகள்.