விதவா விவாகம்: சட்டமும் வீடும்

ஒரு ஜனசமூகத்தை ஆள்வது எது என்று வினவினால், சட்டசபை என்று சிலரும், சாஸ்திரம் என்று சிலரும் விடை பகர்வர். இவ்விரண்டுக்கும் மேலான மூன்றாவது அதிகாரம் ஒன்றுண்டு. அது வீட்டின் அதிகாரம். சட்டசபையில் நிறைவேறியதும், பண்டிதர் சபையில் முடிவானதும், வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் இசையாவிடின் காகிதத்தில் கிடக்குமேயன்றி வாழ்க்கையில் நடவாது. இதற்கு விதவா விவாகத்தின் கதையே தக்க சான்று. இலக்கியம், சமயம், சரித்திரம், குடும்பம் என்ற நான்கும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டைத் தமிழ் கற்றோர் அறிவர். தீப்பாயாதே என்று தடுத்த சான்றோரை நோக்கி, நெய்யற்ற உணவும் பரற்கல் படுக்கையுமாகக் கழியும் கைம்மை வாழ்வைத் தாம் வேண்டேன் என்கிறார் அவ்வம்மையார். இத்தனை நூற்றாண்டுகளாக நாம் அவர் கற்பை வியந்தோம்; அவர் கூறிய குற்றச்சாட்டைக் கேட்டோமில்லை. தீயினும் கொடிதாக ஒரு வாழ்வை நாம் சமைத்து வைத்திருந்தோம் என்பதன்றோ அப்பாட்டின் பொருள்?

இனிச் சமயத்தைப் பார்ப்போம். விதவா விவாகம் சாஸ்திர விரோதம் என்று வைதிகர் முழங்கிய காலத்தில், வங்கத்து ஈசுவர சந்திர வித்தியாசாகரர் சாஸ்திரத்தைக் கொண்டே அவர்களுக்கு விடையளித்தார். கலியுகத்துக்கு உரியதெனப்படும் பராசர ஸ்மிருதி, கணவன் இறந்த பெண் மறுமணம் செய்துகொள்ள இடந்தருகிறது என்று 1855-ல் எழுதி நிலைநாட்டினார். அவர் சர்க்காருக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஆயிரவருக்கும் குறைவு. எதிர் மனுவிலோ முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஆயினும் 1856 ஜூலையில் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அச்சட்டத்தின்படி முதல் விவாகம் நடந்தது. 1870-ல் வித்தியாசாகரரின் புதல்வரே ஒரு விதவையை மணந்தார். ஊருக்கு உரைத்ததை அவர் வீட்டிலும் நடத்திக் காட்டினார்.

எனினும் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவை வழக்கறிஞர் எவரும் மறக்கவியலாது. மறுமணம் புரியும் விதவை, முதற் கணவன் சொத்தில் தனக்குள்ள உரிமையை, அன்றே இறந்துபட்டவளைப் போல இழந்துவிடுவாள் என்று அது விதித்தது. நம் நாட்டில் பல குலங்களில் மறுமணம் வழிவழி வந்த வழக்கம். அவர்களுக்கு இச்சட்டத்தின் துணை தேவையே இல்லை. அப்படியிருந்தும் 1877-ல் மறவர் குலத்துப் பெண்ணொருத்தியின் வழக்கில், மறுமணத்தால் அவள் முதற் கணவன் சொத்துரிமை நீங்கியது என்றே சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. அலகாபாத் ஹைகோர்ட்டோ இதற்கு மாறாக, வழக்கம் அனுமதிக்கும் குலத்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. ஒரு கையால் தாலி கொடுத்து, மறு கையால் கஞ்சிக்கான நிலத்தைப் பறித்துக்கொண்ட சட்டத்தை எத்தனை பெண்கள் நாடுவர்? 1937-ல் விதவைக்கு மகனோடொத்த பங்கு கிடைத்தது. ஆனால் அவள் ஜீவியகாலம் வரைதான். 1956-ன் வாரிசுரிமைச் சட்டமே அதைப் பூரண உரிமையாக்கிற்று. 1856-ன் சட்டம் 1983-ல் ரத்தாயிற்று.

தென்னாட்டில் இக்காரியத்தைத் தொடங்கியவர் வீரேசலிங்கம் பந்துலு. 1881 டிசம்பரில் ராஜமஹேந்திரவரத்தில் அவர் முதல் விதவா விவாகத்தை நடத்தி வைத்தார். தமிழரில் அத்துணிவைக் காட்டியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரித்த அதே தேசபக்தர், 1889-ல் அந்நகரிலேயே தம் விதவைப் புதல்விக்கு மறுமணம் செய்வித்தார். பந்துக்கள் அவரைப் பஹிஷ்கரித்தனர். அவர் கலங்கினாரல்லர். இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி அம்மாள் 1911-ல் பட்டம் பெற்று, சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹௌஸில் பால விதவைகளுக்கு இல்லம் நடத்தி, அவர்களைக் கல்வி கற்ற உபாத்தியாயினிகளாக ஆக்கினார். ஒருவர் மணப்பந்தலைத் திறந்தார்; மற்றவர் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். இரண்டும் வேண்டற்பாலனவே.

இவற்றை மக்கள் மனத்தில் ஏற்றிய பணி இலக்கியத்தினுடையது. மாதவையா தமது ‘முத்துமீனாக்ஷி’யில் ஒரு பிராமணப் பெண்ணே தன் கதையைச் சொல்லும்படி செய்தார். பாரதியார் முடிக்காது விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் வீரேசலிங்கம் பந்துலுவும் சுப்பிரமணிய ஐயருமே பாத்திரங்களாக வந்து, ஓர் இளம் விதவையின் மறுமணத்துக்கு உதவுகின்றனர். தர்க்கத்துக்கு அசையாத நெஞ்சம் கதைக்கு அசைந்தது. பழைய பாட்டில் கேளாத குற்றச்சாட்டைப் புதிய கதையில் கேட்டோம்.

ஆயின் காரியம் முடிந்துவிட்டதா? 2022 மே மாதத்தில் மஹாராஷ்டிரத்துக் கோலாப்பூர் ஜில்லாவின் ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்தவளின் வளையலை உடைத்துக் குங்குமத்தை அழிக்கும் சடங்குகளை நிறுத்தத் தீர்மானித்தது. 2022-லும் அதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! 2023-ல் நம் தமிழ்நாட்டிலேயே, விதவை என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாது தடுப்பதைச் சென்னை ஹைகோர்ட்டு கண்டிக்க நேர்ந்தது. சட்டப்புத்தகம் திருந்திவிட்டது, நடுவீடு திருந்தவில்லை.

‘எல்லா விதவைகளும் மறுமணத்தை விரும்புவதில்லையே’ என்று ஆட்சேபிப்பாருண்டு. விரும்பாதவளை எவர் வற்புறுத்தினர்? மணப்பதும் மணவாதிருப்பதும் அவள் இஷ்டமாயிருக்கட்டும் என்பதே நம் வாதம். மனைவியை இழந்த ஆடவனுக்கு ஆண்டு திரும்புமுன் பெண் தேடும் அதே பந்துக்கள், அவன் தங்கை கணவனை இழந்தால் மட்டும் தர்மம் பேசுவது என்ன நியாயம்?

பொதுவாழ்வில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் நீங்கள் பேசும் சமத்துவத்தை ஜனங்கள் கைதட்டி ஏற்பர். ஆனால் அதை அளந்தறிவது உங்கள் வீட்டுக் கலியாணத்தில்தான். அரும்பாடுபட்டு மகனை ஆளாக்கிய விதவைத் தாய், அவன் மணவறை ஏறும் நாளில் எங்கே நிற்கிறாள்? மாலையெடுத்துக் கொடுத்து முதலில் ஆசி கூறுகிறாளா, அன்றி அபசகுனமென்று அஞ்சிச் சமையற்கட்டின் இருளில் ஒதுங்குகிறாளா? அவளை முன்வரிசைக்கு அழைத்து வர எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. எந்தச் சாஸ்திரியின் அனுமதியும் வேண்டியதில்லை. வீட்டுத் தலைவனின் ஒரு சொல் போதும். அச்சொல்லை இவ்வாண்டு முகூர்த்த காலத்திலேயே சொல்லுங்கள்.