முன் தகடு எங்கே, சேர்?

பின்னால் மஞ்சள் இலக்கத் தகடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. முன்னால் இருக்க வேண்டிய வெள்ளைத் தகட்டைத்தான் காணோம். பொலிஸார் மறித்துக் கேட்டால், "இருக்குது சேர், வண்டிக்குள்ளதான் இருக்குது" என்று ஆசனத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். சிலர் டேஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்திருப்பார்கள். கண்டியிலிருந்து மடவளையைத் தாண்டி வத்தேகமவுக்கும், அங்கிருந்து பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைப் பக்கமும் வார இறுதியில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு இந்த உரையாடல் புதிதல்ல.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்ப விவகாரம். ஓர் அலுமினியத் தகடு, இரண்டு திருகாணி, அவ்வளவுதான். ஆனால் ஆசை ஆசையாகக் கார் வாங்கியவர் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

ஏன் கழற்றுகிறார்கள்?

ஹொண்டா எஸ்660 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 இல் ஜப்பானில் அறிமுகமான, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் வெறும் 658 சீசீ. அதுவும் ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கிறது. நம் நாட்டில் கார் வரி என்ஜின் அளவைப் பார்த்தே போடப்படுவதால், ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ளவர்களுக்கு இது கைக்கெட்டிய கனவானது. சரிந்து இறங்கும் பொனட், ஒடுங்கிய விளக்குகள். அந்த முகத்தின் குறுக்கே நம் நாட்டு நீளத் தகட்டைப் பொருத்தினால் வடிவம் கெடுகிறது என்கிறார்கள். பழைய ஹொண்டா சிவிக், சுபாரு இம்ப்ரேசா, மிட்சுபிஷி எவலூஷன் வைத்திருப்பவர்களிடமும் இதே முறைப்பாடுதான்.

அழகு மட்டும் காரணமல்ல. பம்பரில் துளை போட்டால் நாளைக்கு விற்கும்போது விலை குறையும் என்ற பயம் இருக்கிறது. கார் தாழ்வாக இருப்பதால், வீட்டு வாசல் ஏற்றத்திலும் வேகத் தடையிலும் தகடு உரசி வளைகிறது. காற்றுப் போகும் வாயைத் தகடு மறைத்தால் ரேடியேட்டர் சூடாகும் என்று கராஜ் பாஸ் ஒருவர் எப்போதோ சொல்லியிருப்பார்.

இவற்றில் முதலாவது ரசனை. அதோடு வாதாட முடியாது. மற்றவற்றுக்குப் பதில் உண்டு. நம் தெருவில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் முன் தகடு கட்டாயம். அங்கே தகட்டை வளைத்தும் மூடியும் ஓட்டுவதை 2016 ஏப்ரல் முதல் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கார்களின் பம்பரில் தகட்டுக்கான இடம் தொழிற்சாலையிலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். பழைய திருகாணித் துளையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தகட்டோடு ஓடும்படிதான் ரேடியேட்டரும் வடிவமைக்கப்பட்டது. சிக்கல் ஒன்றே ஒன்று: ஜப்பான் தகடு 330 மில்லிமீற்றர் அகலமும் 165 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நம்முடையது அதைவிட நீளம், உயரம் குறைவு. பழைய துளைக்குப் புதிய தகடு பொருந்தாது. இடையில் ஒரு சட்டகம் போட வேண்டும். அந்தச் சின்ன வேலையைத் தள்ளிப் போட்டுத்தான் பலர் தகட்டையே தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

சட்டம் சொல்வது

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் நம் வாகனங்கள் பதிவாகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒரு காருக்கு இரண்டு தகடுகள் வழங்குகிறது: முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், இரண்டிலும் கறுப்பு எழுத்து. ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. ஸ்தல தண்டப்பணப் பட்டியலில் அடையாளத் தகடும் ஒரு குற்றமாகவே இடம்பெற்றிருக்கிறது. தகட்டை வெட்டிச் சிறிதாக்குவது, கறுப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுவது, வளைந்த எழுத்தில் தாமே அச்சடித்து மாட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். 2025 ஜனவரியில் வாகனங்களில் சட்டவிரோதமாகப் பொருத்திய பாகங்களைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் நாடெங்கும் தொடங்கியபோது, பஸ்காரர்களும் ஆட்டோக்காரர்களும் எவ்வளவு கொதித்தார்கள் என்பது நினைவிருக்கும். விதி ஆட்டோவுக்கு ஒன்று, ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்று என்று இருக்க முடியாது.

அதே ஆண்டில் அரசாங்கத்தின் பக்கமும் ஒரு குறை வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. வண்டிகள் வந்தன, தகடுகள் வரவில்லை. தட்டுப்பாட்டால் புத்தம்புதுக் கார்கள் தகடில்லாமலும், இலக்கத்தைத் தாங்களே அச்சிட்டு ஒட்டிக்கொண்டும் ஓடின. மக்களிடம் தகடு கேட்கும் திணைக்களம் முதலில் தகட்டைக் கொடுக்க வேண்டும். தகடு கிடைத்தும் உள்ளே வைத்திருப்பவருக்கு அந்தச் சாக்கு உதவாது.

வளைவுகளில் முன் தகடு

"பின்னால் இருக்கிறதே, போதாதா?" என்பது அடுத்த கேள்வி. வத்தேகமப் பாதையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

மலைப்பாதையில் ஒரு கார் தன் முதுகைக் காட்டும் நேரம் மிகக் குறைவு. கடந்து போன கையோடு வளைவு அதை மறைத்துவிடும். பாதை ஒடுக்கம். எதிரே கொழுந்து லொறி வரும், மறுபக்கம் மண்மேடு, ஓரத்தில் பாடசாலை விட்டு வரிசையாக நடக்கும் பிள்ளைகள். தட்டிவிட்டுப் போகும் காரின் பின் தகட்டை வாசிக்க ஒருவருக்கு இரண்டு விநாடி கிடைத்தால் பெரிது. முன் தகடு இருந்தால், வண்டி எதிரே வரும்போதும் ஒரு வாய்ப்பு உண்டு. வேகம் அளக்கும் பொலிஸ்காரரும் வண்டி வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கிறார். எதிரே வரும் பஸ்ஸில் பொருத்திய கமெராவும் முன்பக்கத்தைத்தான் பதிவு செய்கிறது.

இரவில் நிறமும் வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னினால் வண்டி நம்மை நோக்கி நிற்கிறது, மஞ்சளாக மின்னினால் முதுகைக் காட்டி நிற்கிறது என்று பொருள். மூடுபனியில் விளக்கணைத்து ஓரங்கட்டிய காரை அடையாளம் காண இது உதவும்.

கொழும்பு நகரில் 2024 ஜனவரி 22 முதல் சிசிடிவி கமெராக்களால் வீதி விதிமீறலைப் பிடிக்கும் முறை வந்திருக்கிறது. யாரும் மறிப்பதில்லை. இலக்கத்தைப் பார்த்துப் பதிவுப் புத்தகத்திலுள்ள உரிமையாளரைத் தேடி, அவர் ஊர்ப் பொலிஸ் நிலையம் வழியாக அறிவித்தல் வரும். குற்றம் செய்யாதவருக்கும் இதில் நன்மை உண்டு. உங்கள் இலக்கத்தைப் போலியாக மாட்டி வேறு யாரோ ஓட்டினால், உங்கள் கார் எது என்று நிரூபிக்க இரண்டு பக்கமும் தெளிவான தகடோடு ஓடிய பதிவுகளே சாட்சி.

ஒற்றைத் தகடு ஊர்கள்

உலகமெங்கும் ஒரே விதி இல்லை என்பது உண்மை. கனடாவில் டொரன்டோத் தமிழர் காருக்கு முன்னும் பின்னும் தகடு வேண்டும். மொன்றியலில் இருக்கும் அவர் மச்சானுக்குப் பின் தகடு மட்டும் போதும். ஒன்டாரியோவும் கியூபெக்கும் அயல் மாகாணங்கள்தான், சட்டம்தான் வேறு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2020 ஜூலை 1 முதல் முன் தகட்டைக் கைவிட்டது. அப்போது எதிர்த்துப் பேசியவர்களில் பொலிஸாரும் இருந்தார்கள். இந்தியாவோ எதிர்த்திசையில் போனது: 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் உயர் பாதுகாப்புத் தகடு.

கலிபோர்னியாவில் புதிய காருக்குத் தகடு மாட்ட முன்பு ஆறு மாத அவகாசம் இருந்தது. அப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ரக மெர்சிடிஸைப் புதிதாக மாற்றிக்கொண்டு, தகடே இல்லாமல் ஓட்டினார் என்று சொல்வார்கள். அந்த ஓட்டையை 2019 ஜனவரியில் தற்காலிகத் தகட்டைக் கட்டாயமாக்கி அடைத்தார்கள்.

அழகையும் சட்டத்தையும் சமாளித்த வடிவமைப்பாளர்களும் உண்டு. 1961 இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் நீண்ட மூக்கில் தகடு தொங்கவிட இடமில்லை. பிரித்தானியாவில் இலக்கத்தைப் பொனட்டிலேயே ஒட்டிவிட்டார்கள். அல்பா ரோமியோ 156 தன் முக்கோண முகத்தை நடுவில் காப்பாற்றிக்கொண்டு தகட்டை ஓரமாக மாட்டிற்று. அந்த ஓரத் தகடே பின்னர் அதன் அடையாளமானது.

தகட்டில் நம் வரலாறு

இலங்கைத் தமிழருக்கு இலக்கத் தகடு வெறும் உலோகமாக இருந்ததில்லை. தனிச் சிங்களச் சட்டத்தை அடுத்து வாகன இலக்கங்களில் சிங்கள 'ஸ்ரீ' புகுந்தபோது தமிழரசுக் கட்சியினர் தங்கள் கார்களில் தமிழ் 'சிறீ' எழுதி ஓட்டினார்கள். 1958 ஜனவரியில் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள எழுத்தோடு வடக்கே வந்ததும் போராட்டம் சூடுபிடித்தது. தகட்டில் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. அரசும் தமிழரசுக் கட்சியும் முன்னர் செய்திருந்த பண்டா-செல்வா ஒப்பந்தம் ஏப்ரல் 9 இல் கைவிடப்பட்டது. மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. பிற்காலத்தில் அந்த எழுத்து விலகி வெறும் எண்களும், 2000 முதல் ஆங்கில எழுத்துகளும் வந்தன.

சிறீ எழுதியவர்கள் சட்டத்தை மீறினார்கள். ஆனால் தங்களை மறைக்கவில்லை. யார் என்று தெரியட்டும் என்றே எழுதினார்கள், அதற்கான தண்டனையையும் ஏற்றார்கள். தகட்டைக் கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைப்பவர் செய்வது நேர் எதிரான காரியம்.

துளை போடாமல் ஒரு வழி

பெரும்பாலான கார்களின் முன் பம்பரில் ஓரமாக ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் இழுவைக் கொக்கி மாட்டும் மரைத்துளை தெரியும். அதில் முறுக்கிப் பொருத்தும் தகட்டுச் சட்டகங்கள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. காரின் ரகத்தைச் சொல்லி வாங்க வேண்டும், மரை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பம்பரில் ஒரு கீறலும் விழாது. தகடு ஓரத்துக்குப் போவதால் காற்று வாயும் மறையாது. ஜப்பான் துளை இருந்தால் அதில் ஒரு பட்டையைப் பொருத்தி நம் தகட்டை அதன்மேல் ஏற்றலாம். திருகாணிக்கு அடியில் இறப்பர் வாஷர் போட்டால் நடுங்காது. இருபக்கப் பசைத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். மலைநாட்டு மழையில் அது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. தகடு தொலைந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து, அந்தப் பிரதியோடு திணைக்களத்தில் புதிதுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எப்படி மாட்டினாலும் நிமிர்ந்து, முழுதாக, தூரத்திலிருந்து வாசிக்கும்படி இருக்கட்டும். ஓரத்தில் மாட்டுவதில் சந்தேகம் இருந்தால் மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

காரின் நிறமும் சக்கரமும் சத்தமும் உரிமையாளரின் விருப்பம் என்று ஓரளவுக்கு விட்டுவிடலாம். இலக்கம் அப்படியல்ல. அது அவர் காசு கொடுத்து வாங்கிய அலங்காரம் இல்லை; அதே வீதியில் நடக்கிறவருக்கும் எதிரே வருகிறவருக்கும் அவர் கொடுக்கும் வாக்கு. திணைக்களம் தகடுகளைத் தாமதமில்லாமல் கொடுக்கட்டும். குட்டைப் பம்பர்க் கார்களுக்குப் பொருந்தும் அளவு ஒன்றையும் சேர்த்து யோசிக்கட்டும். அதுவரை, ஆசனத்துக்குப் பின்னால் கிடக்கும் அந்த வெள்ளைத் தகட்டை எடுத்து முன்னால் மாட்டிவிட்டு மலையேறுங்கள்.