மராட்டியக் கோட்டைகள் பட்டியலில் செஞ்சி எப்படி இடம்பிடித்தது? மூன்று மலைகளின் பின்னணி என்ன?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' சேர்ந்தன. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவில் உள்ளன. மீதி ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி! ராஜா தேசிங்கு கோட்டை என்று நாம் சொல்லும் இடத்துக்கும் மராட்டியர்களுக்கும் என்ன சம்பந்தம்?

மலைதான் பலம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில் சுவர் இணைக்கிறது. சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சிக்கு முன்னால் பாறையில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. அதன் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், எதிரிக்கு மேலே போக வழி கிடையாது. உள்ளேயே குளங்கள், நெற்களஞ்சியம் எல்லாம் இருந்ததால் முற்றுகையையும் தாங்க முடிந்தது.

சிவாஜி மகன் இங்கே ஏன் வந்தார்?

நாயக்கர்கள் ஆண்ட செஞ்சியை 1649-ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றி, அரண்களைப் பலப்படுத்தினார். அது பின்னாளில் அவர் குடும்பத்துக்கே கைகொடுத்தது. 1689-ல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தலைநகர் ராய்கட்டும் பறிபோனது. இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி.

அதன்பிறகு மராட்டிய அரசு நடந்ததே இங்கிருந்துதான். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். முகலாயப் படை இங்கே மாட்டிக்கொண்ட அந்த வருஷங்களில்தான் மராட்டியர்கள் மீண்டும் தலைதூக்கினார்கள். பட்டியலில் செஞ்சியின் பெயர் இருப்பதற்கு இந்த 8 வருஷ வரலாறு முக்கியக் காரணம்.

அப்போ தேசிங்கு?

அவர் அடுத்த அத்தியாயம். முகலாயர்கள் கோட்டையை ஒப்படைத்த ஸ்வரூப் சிங்கின் மகன் தேஜ் சிங்தான் தமிழர் வாயில் தேசிங்கு ஆனார். ஆற்காடு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ல் போர்க்களத்தில் உயிரிழந்தார். பட்டியலின் தலைப்பு மராட்டியர் பெயரில் இருந்தாலும், ஊர் மக்கள் கதைப்பாட்டில் வாழ்வது அவர்தான். கோட்டைக்குள் உள்ள கல்யாண மஹால், வெங்கட்ரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாமே வேறு வேறு ஆட்சிகளின் அடையாளம். ஒரே பெயருக்குள் செஞ்சியை அடக்க முடியாது.

போகும் முன் கவனிக்க

* திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் செஞ்சி உள்ளது.
* ராஜகிரி ஏறுவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். படிகள் செங்குத்தானவை, வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் அவசியம்.
* குரங்குகள் அதிகம். உணவுப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம்.
* நேரம் இருந்தால் அனந்தபுரம் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயிலும், அதில் பழைய பார்வதி ஓவியமும் உள்ளன. செஞ்சி - விழுப்புரம் சாலைப் பக்கம் மண்டகப்பட்டில், மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. இரண்டும் கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.