பழைய கணினிக்குப் புத்துயிர்

ஏழெட்டு ஆண்டுகள் பயன்படுத்திய மேசைக்கணினி மெதுவாக இயங்கினால், பலர் அதைத் தூக்கி எறிந்துவிட நினைக்கின்றனர். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சேரும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவில் இத்தகைய கணினிகளும் அடங்கும். ஆனால், அவற்றின் எல்லாப் பாகங்களும் தளர்ந்துவிடுவதில்லை. பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பது வன்தட்டு மட்டுமே.

வன்தட்டினுள் வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவல் இருக்கும் இடத்தைத் தேடி ஒரு சிறு முனை அங்குமிங்கும் நகர்கிறது. இந்தத் தேடலில்தான் நேரம் வீணாகிறது. 'எஸ்எஸ்டி' எனும் சேமிப்பகத்திலோ அசையும் பாகமே இல்லை; தகவல் சில்லுகளிலிருந்து உடனே கிடைக்கிறது. சிம் லிம் ஸ்குவேர் போன்ற கடைத்தொகுதிகளில் இதை வாங்கலாம். செயலியை மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு, பயனோ அதிகம்.

வேலையைத் தொடங்குமுன் முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, மின்கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால், உடலிலுள்ள நிலைமின்சாரம் வெளியேறிவிடும். மின்வழங்கியை மட்டும் திறக்கவே கூடாது. மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

புதிய பாகத்தைப் பொருத்தியபின் திரை கறுப்பாகவே இருந்தால் பதறத் தேவையில்லை. கை பட்டு நினைவகப் பலகை சற்று விலகியிருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, அதன் பூட்டு 'டக்'கென விழும்வரை மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

கழற்றிய வன்தட்டு பழுதாகாமலிருந்தால், அதற்கென விற்கப்படும் உறையில் பொருத்திக் குடும்பப் படங்களைச் சேமிக்கலாம்.